பழைய ஃபெல்ட் தொப்பி: பழுது பார்ப்பதும் தலைக்குப் பொருத்துவதும்

பரணில் கிடந்த பெட்டியில் இருந்தோ, பழைய பொருள் விற்கும் இடத்தில் இருந்தோ ஒரு ஃபெல்ட் தொப்பி உங்கள் கைக்கு வந்திருக்கலாம். விளிம்பு நெளிந்திருக்கும். உள்ளே ஓடும் தோல்பட்டை பாதி பிய்ந்து தொங்கும். தலையில் வைத்தால் நெற்றியை இறுக்கும், இல்லையென்றால் காதில் வந்து உட்காரும். இதை எப்படிச் சரிசெய்வது, எந்த வேலையை முதலில் எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஊசி பிடிக்கத் தெரிந்திருந்தால் போதும். மற்றதெல்லாம் செய்யச் செய்யக் கைக்கு வந்துவிடும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைத் தெரிந்துகொள்வதற்குள் நான் ஒரு நல்ல தொப்பியை இழந்தேன். நெளிந்த விளிம்பை நிமிர்த்துவதற்காகக் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தொப்பியை அப்படியே ஆவியில் காட்டினேன். ஃபெல்ட் இளகி, வளைத்தபடி வளைந்தது. ஆனால் உள்ளே இருந்த தோல்பட்டை சில நிமிடங்களில் சுருங்கிக் கட்டையாகிவிட்டது. சுருங்கிய வேகத்தில் ஃபெல்ட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. பல பத்தாண்டுகள் பழைய தோல் அது. எவ்வளவு எண்ணெய் தடவியும் பிறகு மிருதுவாகவே இல்லை.

ஃபெல்ட்டுக்கு வேண்டியது சூடும் ஈரமும். தோலுக்கு ஆகாததும் அதே சூடும் ஈரமும். பழைய தொப்பி வேலையில் பாதி, இந்த இரண்டையும் பிரித்து வைத்துக் காப்பாற்றுவதுதான். கீழே நான் சொல்லும் வரிசை முழுக்க இதை வைத்தே அமைந்தது.

## கையில் இருப்பது என்ன

ஃபெல்ட் நெய்த துணி அல்ல. அதில் பாவும் கிடையாது, ஊடையும் கிடையாது. விலங்கின் முடியை நனைத்து, சூடாக்கி, அழுத்தி உருட்டும்போது ஒவ்வோர் இழையின் மேலும் இருக்கும் நுண்ணிய செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கின்றன. வாராத தலைமுடி சடைபிடிப்பது மாதிரிதான். இது வேண்டுமென்றே, சீராகப் பிடிக்கவைத்த சடை. அதனால்தான் ஃபெல்ட்டில் ஓட்டை விழுந்தாலும் நூல் பிரிந்து வருவதில்லை. ஆவி பட்டால் இழைகள் நழுவி, புது வடிவத்துக்கு இடம் கொடுக்கின்றன. ஆனால் சூடும் ஈரமும் தேய்ப்பும் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் சடை மேலும் இறுகும், தொப்பி சுருங்கும்.

நல்ல பழைய தொப்பிகள் பெரும்பாலும் முயல், காட்டுமுயல், பீவர் (ஆற்றோரம் வாழும் கொறிவிலங்கு) ஆகியவற்றின் மெல்லிய அடிமுடியில் செய்தவை. விரலால் தடவினால் அடர்த்தியாகவும் வழவழப்பாகவும் இருக்கும். ஆட்டுக் கம்பளி ஃபெல்ட் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும், நனைந்தால் சீக்கிரம் துவண்டுவிடும். கம்பளித் தொப்பியையும் சரிசெய்யலாம், ஆனால் கொடுத்த வடிவம் அதில் அவ்வளவு நாள் நிற்காது.

பாகங்களின் பெயரையும் சொல்லிவிடுகிறேன். தலையை மூடும் கூடு கிரவுன். சுற்றி நீண்டிருப்பது விளிம்பு. இரண்டும் சேரும் மடிப்பை விளிம்புக் கோடு என்று சொல்வேன், இந்தக் கட்டுரையில் அது அடிக்கடி வரும். உள்ளே நெற்றியில் படுவது தோல்பட்டை. அதன் கீழ்விளிம்பில் ரீட் என்னும் மெல்லிய நரம்பு ஒன்று துணிக்குள் சுற்றித் தைக்கப்பட்டிருக்கும். தோல்பட்டையைத் தொப்பியோடு சேர்க்கும் தையல் அந்தத் துணியின் வழியாகத்தான் போகிறது. வெளியே கிரவுனைச் சுற்றி ரிப்பன், உள்ளே பெரும்பாலும் சாட்டின் லைனிங். தோல்பட்டையின் பின்பக்கத்தில் ஒரு குட்டி முடிச்சு இருக்கும். தொப்பியின் பின்புறம் எது என்று சந்தேகம் வந்தால் அதைப் பாருங்கள்.

## தொடுவதற்கு முன்: பாதரசம்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். முடி நன்றாகச் சடைபிடிக்க வேண்டும் என்பதற்காகத் தொப்பித் தொழிற்சாலைகளில் நீண்ட காலம் பாதரச நைட்ரேட் கரைசலை முயல்தோலில் தடவினார்கள். அந்தப் புகையைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுக்கமும் மனக்கலக்கமும் வந்தன. அமெரிக்காவில் தொப்பித் தொழிலுக்குப் பேர்போன டான்பரி நகரில் இதற்கு ‘டான்பரி நடுக்கம்’ என்றே பெயர். அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசத்தைப் பயன்படுத்துவது 1941 டிசம்பரில்தான் நின்றது.

அந்தப் பாதரசம் பழைய ஃபெல்ட்டில் இன்னும் தங்கியிருக்கலாம். தொப்பி 1940களின் நடுப்பகுதிக்கு முந்தையது என்று தெரிந்தாலோ, எந்தக் காலத்தது என்றே புரியாவிட்டாலோ, நான் அதற்கு ஆவி காட்டுவதில்லை, உப்புத்தாளும் போடுவதில்லை. மூக்கில் கட்டும் சாதாரண முகமூடி தூசியைத் தடுக்கும், பாதரச ஆவியைத் தடுக்காது. அப்படிப்பட்ட தொப்பியைக் கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள், பையில் மூடி வையுங்கள், அருங்காட்சியகப் பொருட்களைப் பாதுகாக்கும் பயிற்சி பெற்றவரிடம் காட்டுங்கள். பழகுவதற்கு 1950களிலோ அதற்குப் பிறகோ செய்த தொப்பியே நல்லது. அதையும் சமையலறையில் வைத்து வேலை செய்ய வேண்டாம். ஜன்னல் திறந்த இடம், கையுறை, வேலை முடிந்ததும் மேசையை ஈரத்துணியால் துடைப்பது ஆகிய மூன்றையும் எப்போதும் கடைப்பிடிக்கிறேன்.

## பரிசோதனை

தொப்பியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். கிரவுனின் முன்பக்கத்தில் இரு விரலால் கிள்ளிப் பிடிக்கும் இடம் உண்டு. ஆண்டுக்கணக்காகத் தொப்பியை அங்கே பிடித்துத் தூக்கியிருப்பார்கள். அந்த இடத்தில் ஃபெல்ட் இற்று, ஊசிமுனை அளவுக்கு ஒளி தெரிந்தால் அது விரிசலின் தொடக்கம். பூச்சி அரித்த ஓட்டைகளும் இப்படித்தான் தெரியும்.

அடுத்து தோல்பட்டையை மெதுவாகக் கீழே புரட்டுங்கள். வளையும்போது நொறுங்கும் சத்தம் வந்தால் அதற்கு ஆயுள் முடிந்தது, மாற்றத்தான் வேண்டும். தோல் மிருதுவாக இருந்து, தையல் மட்டும் விட்டிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். தையல் துளைகளின் வரிசையிலேயே, தபால்தலையைக் கிழிப்பது போலத் தோல் கிழிந்திருந்தால் அதே இடத்தில் மறுபடி தைக்க முடியாது. பின்னால் மெல்லிய பருத்தி நாடாவை ஒட்டித் தாங்கு கொடுக்கலாம். நீண்ட தூரம் கிழிந்திருந்தால் அதுவும் நிற்காது.

தோலுக்குப் பின்னால் பாருங்கள். அளவுச் சீட்டு இருக்கும். சில சமயம் மடித்த செய்தித்தாளும் இருக்கும். பெரிய தொப்பியை இறுக்கமாக்க அந்தக் காலத்தில் செய்த வழி அது. தாளில் தேதி இருந்தால், தொப்பி எப்போது யார் தலையிலாவது இருந்தது என்பதற்கு ஒரு தடயம் கிடைக்கும். அதை எறியாமல் எடுத்து வையுங்கள். தோலில் தங்க எழுத்தில் செய்தவர் பெயரும், பல தொப்பிகளில் விற்ற கடையின் பெயரும் இருக்கும். இத்தாலியின் அலெஸாண்ட்ரியாவில் 1857இல் தொடங்கிய போர்சலினோ, பிலடெல்ஃபியாவில் 1865இல் தொடங்கிய ஸ்டெட்ஸன் போன்ற பெயர்களை அங்கேதான் பார்க்கலாம். அந்த எழுத்து ஈரத்துணி பட்டாலே போய்விடும். போனால் தொப்பியின் பிறப்புச் சான்றிதழே போன மாதிரி. வேலை தொடங்குமுன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொப்பியாக பௌலர் வேண்டாம். அந்த உருண்டைத் தொப்பியின் ஃபெல்ட்டை அரக்குக் கரைசலில் கட்டியாக்கியிருப்பார்கள். வளைத்தால் உடையும். பளபளக்கும் உயர்ந்த டாப் ஹாட் பெரும்பாலும் ஃபெல்ட்டே அல்ல, விறைப்பான கூட்டின் மேல் ஒட்டிய பட்டு. அதை அனுபவம் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள். உச்சியில் நடு மடிப்பும் முன்பக்கம் கிள்ளலும் உள்ள, மிருதுவான ஃபெடோரா வகைதான் பழக ஏற்றது.

## அளவை முதலில் முடிவு செய்யுங்கள்

பழுதெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் பலரும் தொப்பி தலையில் உட்காருகிறதா என்று பார்க்கிறார்கள். அப்போது சிறியது என்று தெரிந்தால் புதுத் தையலும் புது ரிப்பனும் வீண். ரிப்பன் நீளாது. தோலைத் தைத்த பிறகு தொப்பியை விரித்தால் தையல்தான் அறும்.

டேப்பை நெற்றியின் நடுவில், காதுக்கு மேல் ஒரு விரல்கடை உயரத்தில், பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி வையுங்கள். இறுக்க வேண்டாம். மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தொப்பியின் உள்ளே, தோல்பட்டை நெற்றியில் படும் இடத்தில் டேப்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். அளவுச் சீட்டை நம்ப வேண்டாம். ஃபெல்ட்டும் தோலும் இத்தனை ஆண்டில் சுருங்கியிருக்கும்.

சீட்டில் உள்ள எண்ணைப் புரிந்துகொள்வது எளிது. அமெரிக்க அளவு என்பது தலைச்சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதே சுற்றளவுள்ள வட்டத்தின் விட்டமாக மாற்றிச் சொல்வது. விட்டத்தில் அரைக்கால் அங்குலம் கூடினால் சுற்றளவில் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் கூடும். 56 செ.மீ. தலைக்கு 7, 57க்கு 7⅛, 58க்கு 7¼, 59க்கு 7⅜, 60க்கு 7½. இங்கிலாந்துத் தொப்பியில் இதே தலைக்கு அரைக்கால் குறைத்து எழுதியிருப்பார்கள். 57 செ.மீ. தலைக்கு அங்கே 7 என்றிருக்கும்.

தொப்பி உங்கள் தலையைவிட 1 செ.மீ. வரை சிறியதாக இருந்தால் விரிக்கலாம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். ஃபெல்ட்டை இழுத்தால் அது மெலிகிறது. விளிம்புக் கோடு விரிந்து, விளிம்பு அலை அலையாக எழும்பும். சில நாளில் பழைய அளவுக்கே திரும்பவும் பார்க்கும். பெரியதாக இருந்தால் கவலையே இல்லை. 1 அல்லது 1½ செ.மீ. அதிகம் என்றால் உள்ளே பட்டி வைத்துச் சரிசெய்துவிடலாம். ஆகவே வாங்கப் போகிறவர்கள் ஒரு எண் பெரிதாகவே பார்த்து வாங்குங்கள்.

## பிரித்தல், பூச்சி, அழுக்கு

ரிப்பனைப் பிடித்திருக்கும் தையல்கள் மிகச் சில. கூரான சிறு கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டுங்கள். ரிப்பனைச் சுற்றி மெல்லிய மீள்கயிறும் அதன் நுனியில் பொத்தானும் இருந்தால் அது காற்றில் தொப்பி பறக்காமல் கோட்டின் பித்தான்துளையில் மாட்டுவதற்கு வைத்தது. பத்திரமாக எடுத்து வையுங்கள். லைனிங் சில தொப்பிகளில் ஒட்டியிருக்கும், சிலவற்றில் தைத்திருக்கும். பலமாக இழுக்காதீர்கள்.

தோல்பட்டையின் தையல் முக்கால்வாசி நன்றாக இருந்தால் அதைப் பிரிக்க வேண்டாம், விட்ட இடத்தை மட்டும் தைத்தால் போதும். ஆனால் தொப்பிக்கு முழுதாக வடிவம் மாற்றப் போகிறீர்கள் என்றால் கழற்றுவதே பாதுகாப்பு. கழற்றுமுன் பின்பக்க நடுவையும் முன்பக்க நடுவையும் ஃபெல்ட்டில் வண்ண நூலால் ஒரு தையல் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்துப்பூச்சியின் புழு முடியில் உள்ள கெரட்டினைத் தின்று வளர்வது. ஒரு தொப்பியில் முட்டை இருந்தால் வீட்டில் உள்ள கம்பளிக்கெல்லாம் பரவும். புதிதாக வந்த எந்தத் தொப்பியையும் பாலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, நன்றாக மூடி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் 2 வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த ஃபெல்ட்டின் மேல் நீர்த்துளி படியும். அந்துருண்டை வைப்பதை நான் விரும்புவதில்லை. அதன் ஆவி நமக்கும் நல்லதில்லை, வாடை ஃபெல்ட்டில் ஏறினால் போகவே போகாது.

சுத்தம் செய்வதற்கு முதல் கருவி மென்மையான குதிரைமுடி பிரஷ். அடர்நிறத்துக்கு ஒன்று, வெளிர்நிறத்துக்கு ஒன்று. மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றிச் சுற்றி வாருங்கள். பெரும்பாலான தொப்பிகளில் முடி அந்தப் பக்கம்தான் படிந்திருக்கும். பாதி அழுக்கு இதிலேயே போய்விடும். எண்ணெய்க் கறைக்கு முல்தானி மட்டியோ சோள மாவோ தூவி, விரலால் லேசாக ஒற்றி, இரவு முழுக்க விட்டு, மறுநாள் பிரஷால் தட்டுங்கள். கறை குறையக் குறைய இதையே மூன்று நான்கு முறை செய்யலாம். அடர்நிறத் தொப்பியில் மாவு வெள்ளையாகத் தங்கும், ஆகவே முதலில் மறைவான இடத்தில் சோதித்துப் பாருங்கள்.

மழைத்துளி பட்டு உண்டான வளையக் கறையை அந்த இடத்தில் மட்டும் நனைத்துத் துடைத்தால் இன்னொரு வளையம்தான் வரும். அந்தப் பக்கம் முழுவதையும் சீராக ஆவியில் ஈரமாக்கி வாரினால்தான் மறையும். அதற்கு முன் சாயம் ஓடுமா என்று பாருங்கள். தோல்பட்டைக்குப் பின்னால் மறையும் பகுதியில் ஈர வெள்ளைத் துணியை ஒற்றினால் தெரிந்துவிடும்.

பெட்ரோல் வாஷ், அதாவது நாப்தாவில் முக்கி எடுப்பது, தொப்பித் தொழிலில் உள்ளவர்கள் செய்வது. அது நன்றாகவே வேலை செய்யும், ஆனால் ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும். புதியவர்கள் வீட்டுக்குள் அதை முயல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

## ஓட்டை

பூச்சி மேலாக மட்டும் அரித்திருந்தால், அதாவது பள்ளம் இருக்கிறது ஆனால் ஒளி தெரியவில்லை என்றால், பல நேரம் ஒன்றும் செய்யாமல் விடுவதே நல்லது. 400 அல்லது 600 எண் உப்புத்தாளால் சுற்றிலும் லேசாகத் தேய்த்தால் பள்ளத்தின் ஓரம் மங்கும். முடி மறுபடி எழும். ஆனால் ஒவ்வொரு தேய்ப்பும் ஃபெல்ட்டின் கனத்தை எடுத்துக்கொள்கிறது, அது திரும்ப வராது. நான்கைந்து தடவை தொட்டதும் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

முழு ஓட்டை என்றால், தோல்பட்டைக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஃபெல்ட்டை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துத் தூளை ஒரு தாளில் சேகரியுங்கள். அதே தொப்பியின் தூள் என்பதால் நிறம் சரியாக இருக்கும். ஓட்டையின் உட்பக்கத்தில் மெல்லிய ஒட்டுத்துணித் துண்டை வைத்துவிட்டு, வெளியிலிருந்து ஊசிமுனையால் காய்ந்தால் தெளிவாகும் துணிப்பசையை மிகக் கொஞ்சம் இட்டு, தூளை அழுத்தி நிரப்புங்கள். காய்ந்ததும் பிரஷ். அரிசி அளவு ஓட்டைக்கு இது அழகாகப் பொருந்தும். பெரிய ஓட்டையை மறைக்க முடியாது. அதை ரிப்பனுக்குக் கீழே வரும்படி அகலமான ரிப்பன் போட முடியுமா என்று யோசியுங்கள். கிள்ளும் இடத்து விரிசலுக்கும் உள்ளே மெல்லிய துண்டு ஒட்டித் தாங்கு கொடுக்கலாம். அதன் பிறகு தொப்பியை எப்போதும் விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும்.

## ஆவியில் வடிவம்

இப்போது தோலும் ரிப்பனும் இல்லை, வெறும் ஃபெல்ட் மட்டும் கையில் இருக்கிறது. இனி ஆவி காட்டலாம். தோலைக் கழற்றாமல் செய்கிறீர்கள் என்றால் அதை வெளியே புரட்டிவிட்டு, உலர்ந்த துணியால் சுற்றி, ஆவி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெட்டில் மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, தொப்பியை ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருங்கள். கை சுடும், தடித்த கையுறை கட்டாயம். ஃபெல்ட் நனைந்து சொட்டக் கூடாது, வெதுவெதுப்பாகித் தளர வேண்டும். அந்தத் தளர்ச்சி விரலுக்குத் தெரியும். முதலில் உள்ளிருந்து முட்டியால் தள்ளி, பழைய மடிப்புகளை எல்லாம் எடுத்து, கிரவுனை உருண்டையாக்கிவிடுங்கள். மடிப்பின் மேலேயே புது மடிப்பு போட்டால் ஃபெல்ட் அங்கே இற்றுப்போகும்.

அடுத்து நடு மடிப்பு. கையின் ஓரத்தால் கிரவுனின் உச்சியில் முன்பின்னாக அழுத்துங்கள். பிறகு முன்பக்கம் இரு பக்கமும் மெல்லக் கிள்ளுங்கள். மனதுக்குப் பிடிக்கவில்லையா, மறுபடி ஆவி காட்டி எடுத்துவிட்டு மீண்டும் செய்யலாம். ஆனால் ஒரே நாளில் பத்து முறை செய்யாதீர்கள், சுருங்கும். வடிவம் வந்ததும் கையை எடுத்துவிட்டு முழுதாக ஆறும்வரை தொடாமல் இருங்கள். சூடாக இருக்கும்போது போட்டுப் பார்க்கும் ஆசை எனக்கு இன்னும் வருகிறது, அடக்கிக்கொள்கிறேன்.

நெளிந்த விளிம்புக்கு இஸ்திரிப் பெட்டி உதவும். கிரவுனை மேசையின் ஓரத்துக்கு வெளியே கீழ்நோக்கித் தொங்கவிட்டு, விளிம்பின் ஒரு பகுதியை மேசையில் படுக்கவையுங்கள். விளிம்பின் அடிப்பக்கம் மேலே இருக்கும். ஈரமான பருத்தித் துணியை அதன் மேல் போட்டு, மிதமான சூட்டில் அழுத்தி எடுங்கள், இழுக்க வேண்டாம். அடிப்பக்கத்தில் இஸ்திரி போடுவதால் பளபளப்பு ஏறினாலும் வெளியே தெரியாது. இப்படியே சுற்றி வந்து, சுருட்டிய துண்டின் மேல் விளிம்பைச் சாய்த்து ஆறவிட்டால் வேண்டிய வளைவும் கிடைக்கும்.

## தலையின் வடிவம்

அளவு சரியாக இருந்தும் தொப்பி வலிக்கிறது என்றால் வடிவம் பொருந்தவில்லை. ஒரே 58 செ.மீ. சுற்றளவுள்ள இரண்டு பேரில் ஒருவர் தலை முன்பின்னாக நீண்டிருக்கும், இன்னொருவருடையது வட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும். நீண்ட தலையை உருண்டைத் தொப்பியில் வைத்தால் நெற்றியும் பின்மண்டையும் நெரிபடும், காதுக்கு மேல் இடைவெளி இருக்கும். உருண்டைத் தலையை நீண்ட தொப்பியில் வைத்தால் நெற்றிப்பொட்டு வலிக்கும், நெற்றியில் விரல் நுழையும். பத்து நிமிடம் போட்டிருந்து கழற்றிக் கண்ணாடியில் பாருங்கள். சிவந்த தடம் எங்கே விழுந்திருக்கிறது என்பதே விடை.

19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இதற்கென்றே கன்ஃபார்மட்டர் என்னும் கருவியைச் செய்தார்கள். சுற்றிலும் அசையும் பட்டைகள் வைத்த தொப்பி மாதிரி இருக்கும். தலையில் வைத்தால் தலையின் வடிவத்தைச் சிறியதாக ஓர் அட்டையில் குத்திக் கொடுக்கும். நமக்கு அது வேண்டாம். வளைத்தால் நிற்கும் தடித்த மின்கம்பியைத் தலையைச் சுற்றி, தொப்பி உட்காரும் உயரத்தில், வளைத்து எடுங்கள். நுனிகள் சேரும் இடத்தையும் நெற்றி நடுவையும் குறியுங்கள். கழற்றித் தாளில் வைத்து, உள்பக்கமாகக் கோடு போட்டால் உங்கள் தலையின் வடிவம் தெரியும். முதல்முறை பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள், இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் தலை அரிது.

அந்தக் கோட்டைத் தடித்த அட்டையில் வெட்டுங்கள், மூன்று நான்கு அட்டைகளை ஒட்டினால் வளையாது. விளிம்புக் கோட்டைச் சுற்றி ஆவி காட்டி, அட்டையைக் கீழிருந்து நுழைத்து, விளிம்புக் கோட்டின் உயரத்திலேயே நிறுத்தி, ஓர் இரவு விடுங்கள். தோல்பட்டை உள்ளே வராத நிலையில் செய்கிறீர்கள் என்றால் அட்டையைச் சுற்றி தோலின் கனம் அளவுக்கு நாடா சுற்றிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வேலைக்குப் பிறகு, ‘எனக்குத் தொப்பியே ஒத்துவராது’ என்று நினைத்திருந்தவர்கள் நாள் முழுக்கப் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

விரிக்க வேண்டுமானால் நடுவில் திருகு உள்ள மரக்கட்டையை உள்ளே வைத்து, ஆவி காட்டிய ஃபெல்ட்டில் பிடிப்பு தெரியும்வரை திருகி, அதற்கு மேல் அரைச்சுற்று மட்டும் திருகி விடுங்கள். மறுநாள் இன்னும் கொஞ்சம். பழைய, காய்ந்த தோலை உள்ளே வைத்துக்கொண்டு விரிக்கவே கூடாது.

## தோல்பட்டையைத் தைத்தல்

பழைய தோல் மிருதுவாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த துணியால் துடைத்து, தோலுக்கான கண்டிஷனரை மெல்லியதாகத் தடவி, ஒரு நாள் விடுங்கள். தங்க எழுத்தைத் தவிர்த்துத் தடவுங்கள். அதிகம் தடவினால் எண்ணெய் ஃபெல்ட்டுக்கு ஏறி, ரிப்பனில் கறையாக வெளிவரும்.

புதுப் பட்டை என்றால், வடிவம் கொடுத்து ஆறிய தொப்பியின் விளிம்புக் கோட்டை உள்ளே அளந்து, அந்த நீளத்துக்கு ரீட் வரும்படி வாங்குங்கள். தோலின் கனம் தலைக்கான இடத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் என்பதை மறக்க வேண்டாம்.

தோலை வெளிப்புறமாகப் புரட்டிய நிலையில், ரீட் விளிம்புக் கோட்டில் பொருந்தும்படி வைத்து, பின்னால், முன்னால், இரு பக்கமும் என நான்கு இடத்தில் கிளிப் போடுங்கள். தோலின் இணைப்பு சரியாகப் பின்பக்க நடுவில் வர வேண்டும். தேன்மெழுகு தடவிய உறுதியான நூல், மெல்லிய ஊசி. ரீட்டை ஒட்டிய துணியின் வழியாக ஃபெல்ட்டுக்குள் குத்தி, வெளியே விளிம்புக் கோட்டுக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் மேலே எடுத்து, ஒரு மிகச் சிறிய பின்தையல் போட்டு உள்ளே திரும்புங்கள். ஃபெல்ட்டில் பழைய துளைகள் தெரிந்தால் அவற்றின் வழியே போவதே சிறந்தது. புதுத் துளை ஒவ்வொன்றும் அந்தக் கோட்டைப் பலவீனமாக்கும். வெளியே தெரியும் தையலை ரிப்பன் மறைத்துவிடும், அதனால் அழகைவிட உறுதியைப் பாருங்கள். நூலை ஃபெல்ட் சுருங்காத அளவுக்கு மட்டும் இழுங்கள். கிளிப் விட்டுக் கிளிப் வரும்போது தோல் மிச்சமாகிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள். முழுச் சுற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் மிச்சம் தெரிந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும். எனக்கு ஒரு சுற்றுக்கு ஒரு மாலைப்பொழுது ஆகிறது.

தைத்து முடித்ததும் தோலை உள்ளே மடித்துப் போட்டுப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் தளர்வாக இருந்தால் மெல்லிய ஃபெல்ட் பட்டியைத் தோலுக்குப் பின்னால் செருகுங்கள். சுற்றிலும் வைக்காமல், இடைவெளி இருக்கும் இடத்தில் மட்டும் வையுங்கள். நீண்ட தலைக்குப் பக்கங்களில், உருண்டைத் தலைக்கு முன்னும் பின்னும்.

## ரிப்பன்

பழைய ரிப்பன் நைந்திருந்தால் குறுக்கே வரியோடும் க்ரோக்ரெய்ன் வாங்குங்கள். பருத்தி அல்லது ரேயானாக இருக்க வேண்டும், பாலியஸ்டர் வேண்டாம். காரணம் இருக்கிறது. கிரவுன் மேலே போகப் போகக் குறுகுகிறது. ரிப்பனின் மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால்தான் ஒட்டி நிற்கும். பருத்தி, ரேயான் ரிப்பனை ஈரமாக்கி, இஸ்திரிப் பெட்டியின் கீழ் வில்போல வளைத்து இழுத்தால் அந்த வளைவு நின்றுவிடும். பாலியஸ்டர் எவ்வளவு இழுத்தாலும் நேராகவே திரும்பும், மேல்விளிம்பு வாய்பிளந்து நிற்கும்.

இணைப்பு இடப்பக்கம் வரட்டும், அதன் மேல் முடிச்சு உட்காரும். நான்கைந்து இடத்தில், கீழ்விளிம்பை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத சிறு தையல் போதும். பசை போடாதீர்கள். அது ஊறி வெளியே தெரியும், அடுத்து பழுது பார்ப்பவருக்குப் பிரிக்கவும் முடியாது.

## போட்டுப் பழகும் முதல் வாரம்

தொப்பி புருவத்துக்கு மேல் ஒரு விரல் இடைவெளியில், காதைத் தொடாமல் உட்கார வேண்டும். தலையைக் குனிந்தால் நழுவக் கூடாது, கழற்றினால் நெற்றியில் ஆழமான தடம் இருக்கக் கூடாது. முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். வியர்வையில் தோல் ஈரமானால் கழற்றியதும் தோல்பட்டையை வெளியே புரட்டி, அதன் மேலேயே தொப்பியை நிறுத்திக் காயவிடுங்கள். காய்ந்ததும் கிரவுனைக் கீழாக, விளிம்பு மேலாக வையுங்கள். விளிம்பின் மேல் நிறுத்தினால் கொடுத்த வளைவெல்லாம் போய்விடும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிட வேண்டாம், அந்தச் சூட்டில் தோல் மறுபடி சுருங்கும்.

ஒரு வாரம் கழித்துத் தோலைப் புரட்டிப் பின்பக்க இணைப்பைப் பாருங்கள். தலையில் இழுத்து மாட்டும்போது அதிக இழுப்பு அங்கேதான் விழுகிறது. ஒரு தையல் தளர்ந்திருந்தால் அன்றைக்கே, அதே துளையில், இரண்டு பின்தையல் போட்டுவிடுங்கள்.